விடை முன்பே தெரிந்த தரவு: கல்லூரித் தரவுத்தளப் பாடத்தைத் தொடங்கும் முறை

சென்னைக் கல்லூரிகளில் தரவுத்தள மேலாண்மைப் பாடம் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் சிறு திட்டப்பணிக்குத் தலைப்புக் கேட்பார்கள். வகுப்பில் பாதிப்பேர் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் என்றும் மீதிப்பேர் லைப்ரரி மேனேஜ்மென்ட் என்றும் எழுதிக் கொடுப்பார்கள். மாணவனாக இருந்தபோது நானும் மருத்துவமனையைத்தான் எடுத்தேன். பத்து நோயாளிகளையும் ஆறு மருத்துவர்களையும் உள்ளிட்டு, யார் யாரைப் பார்த்தார் என்ற வினவலை ஓட்டி, வந்த விடையை அச்சிட்டு ரெக்கார்டில் ஒட்டிவிட்டேன். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பத்துப் பேருக்கு அறுபது சந்திப்பா?" என்று மட்டும் கேட்டார். இணைப்பு நிபந்தனையை நான் எழுதாமல் விட்டிருந்தேன். ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மருத்துவரோடும் சேர்ந்து அறுபது பதிவுகள் வந்திருந்தன. கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. விடை எத்தனையாக இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியாததால் தவறு என் கண்ணில் படவில்லை.

இந்தப் பாடத்தின் முதல் சிக்கல் இதுதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். தவறாக எழுதிய நிரல் பெரும்பாலும் நின்றுவிடும். தவறாக எழுதிய வினவலோ பெரும்பாலும் ஒரு விடையைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். எனவே, தொடங்கும் மாணவருக்குத் தேவைப்படுவது அளவில் சிறியதும், நேரில் அறிந்ததும், விடை முன்பே தெரிந்ததுமான தரவு. சென்னையில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட தரவு ஒன்று தினமும் கண்முன் ஓடுகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் ரயில் வழித்தடத்தையும், கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் வழித்தடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பதினெட்டுப் பதினெட்டு நிலையங்கள் உள்ளன. கடற்கரையும் கோட்டையும் இரண்டுக்கும் பொது. ஆகவே மொத்த நிலையங்கள் 34, வழித்தடங்கள் 2, எந்த வழித்தடத்தில் எந்த நிலையம் என்ற பதிவுகள் 36. இந்த மூன்று எண்களையும் அப்சர்வேஷன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றையும் இவற்றைக் கொண்டே சரிபார்க்கப்போகிறோம்.

எந்த மென்பொருளில் தொடங்குவது

முதல் இரண்டு வாரங்களுக்கு எஸ்க்யூலைட் போதும். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த மென்பொருள் எந்த உரிமக் கட்டுப்பாடும் இன்றிப் பொதுவுடைமையாக வழங்கப்படுகிறது. தனியாக ஒரு சர்வரை நிறுவி, கடவுச்சொல் அமைத்து, போர்ட் எண்ணைச் சரிபார்க்கும் வேலை இதில் இல்லை. ஒரு தரவுத்தளம் என்பது இதில் ஒரே ஒரு கோப்புதான். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் இதுவே இயங்குகிறது. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். திரையில் அட்டவணைகளைப் பார்த்தபடி பழக, டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவசக் கருவியை நிறுவிக்கொள்ளலாம். பைத்தான் படித்தவர்கள் அதோடு வரும் எஸ்க்யூலைட் தொகுப்பையே பயன்படுத்தலாம்.

அதன் பிறகு உங்கள் கல்லூரி லேபில் எது உள்ளதோ அதற்கு மாறிவிடுங்கள். ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். ஆரக்கிளின் இலவசப் பதிப்பை வீட்டில் நிறுவலாம் என்றாலும் அது நினைவகத்தை நிறையக் கேட்கும். மைஎஸ்க்யூஎல்லை நிறுவும்போது கொடுக்கும் ரூட் கடவுச்சொல்லை அந்த நொடியிலேயே நோட்டில் எழுதிவையுங்கள். லேபில் ஒரு மாதம் கழித்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி அந்தக் கடவுச்சொல்லை மறந்ததால் வருபவைதான். இவை எல்லாவற்றிலும் தரவைக் கேட்கவும் மாற்றவும் பயன்படும் மொழி எஸ்க்யூஎல். அதன் கட்டளைகளைத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றை லேபில் நாம் உச்சரிக்கும் விதத்தில் தருகிறேன்.

அட்டவணைகளைப் பிரிப்பது

எக்செல் பழகிய கை முதலில் ஒரே அகலமான அட்டவணையைத்தான் போடும்: வழித்தடத்தின் பெயர், நிலையம் 1, நிலையம் 2 என்று நிலையம் 18 வரை. பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். ஆனால், கோட்டை எந்தெந்த வழித்தடங்களில் வருகிறது என்று கேட்டால் பதினெட்டுப் புலங்களையும், அதாவது நெடுவரிசைகளையும், ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டியிருக்கும். தாம்பரத்துக்கு அப்பால் செங்கல்பட்டு வரை நீட்டினால் அட்டவணையின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருக்கும். தரவு வளரும்போது பதிவுகள் பெருகலாம், புலங்கள் பெருகக் கூடாது. அட்டவணைகளைச் சீராகப் பிரிக்கக் கற்றுத்தரும் நார்மலைசேஷன் பாடத்தின் முதல் படி சொல்வது இதைத்தான்.

அடுத்து வரும் யோசனை, வழித்தடம், வரிசை எண், நிலையத்தின் பெயர், அது உள்ள பகுதி ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் 36 பதிவுகளாக வைப்பது. இது முன்னதைவிட நன்று. ஆயினும் கடற்கரையும் கோட்டையும் தங்கள் பகுதிப் பெயரோடு இரண்டு இரண்டு முறை எழுதப்படுகின்றன. ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் திருத்தாமல் விட்டால் தரவு தன்னோடு தானே முரண்படும். ஆகவே மூன்றாகப் பிரிக்கிறோம். நிலையங்கள் என்ற அட்டவணையில் நிலைய எண், பெயர், பகுதி, திறந்த ஆண்டு. வழித்தடங்கள் என்ற அட்டவணையில் வழித்தட எண், பெயர். மூன்றாவதான வழித்தட நிலையங்கள் என்ற அட்டவணையில் வழித்தட எண், நிலைய எண், வரிசை எண். ஒரு வழித்தடத்தில் பல நிலையங்கள், ஒரு நிலையத்தில் பல வழித்தடங்கள் என்ற பலவற்றுக்குப் பல உறவை இந்த மூன்றாவது அட்டவணை சுமக்கிறது. பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த இஆர் வரைபடத்தை (என்டிட்டி ரிலேஷன்ஷிப், அதாவது பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் படம்) ரெக்கார்டில் வரையும்போது, இரு செவ்வகங்களுக்கு நடுவே வரும் சாய்சதுரம் இதுதான்.

நிலையத்தின் பெயரையே, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலாக, அதாவது பிரைமரி கீயாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மெட்ரோ வழித்தடங்களைப் பின்னர் சேர்த்தால் எழும்பூர், கிண்டி என்ற பெயர்கள் மீண்டும் வரும். பெயர் ஒன்றாயினும் நிலையம் வேறு. மறுபுறம், புறநகர் ரயிலின் பார்க் நிலையமும் பறக்கும் ரயிலின் பார்க் டவுன் நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தாலும் இரண்டு தனித்தனி நிலையங்கள். பரங்கிமலை என்று ஒருவரும் செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று மற்றொருவரும் எழுதுவார்கள். அங்கே பெயர் இரண்டு, நிலையம் ஒன்று. பெயர்கள் மாறும், திரிபடையும், ஒத்துப்போகும். எண் அப்படியே இருக்கும். (மாணவர் அட்டவணை போடும்போதும் இதே கவனம் தேவை. வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலங்களை வைக்காமல், நம் வழக்கப்படி இனிஷியல், பெயர் என்று வையுங்கள். கைபேசி எண்ணை எழுத்து வகையாகவே சேமியுங்கள். அதை யாரும் கூட்டிப் பார்க்கப்போவதில்லை.)

மூன்றாவது அட்டவணையில் வழித்தட எண்ணும் நிலைய எண்ணும் சேர்ந்து முதன்மைத் திறவுகோல் ஆகும். வழித்தட எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த இணை மீண்டும் வரக் கூடாது என்று யூனிக் நிபந்தனையும் இடுங்கள். இல்லையென்றால் நுங்கம்பாக்கமும் கோடம்பாக்கமும் இரண்டுமே ஆறாவது நிலையம் என்று பதிவாகிவிடலாம். நிலைய எண்ணையும் வழித்தட எண்ணையும் ஃபாரின் கீயாக, அதாவது வேறொரு அட்டவணையில் இருந்தே ஆக வேண்டிய மதிப்பாக, அறிவித்துவிட்டு உடனே ஒரு சோதனை செய்யுங்கள்: நிலையங்கள் அட்டவணையிலிருந்து கோட்டையை நீக்கிப் பாருங்கள். அமைப்பு மறுக்க வேண்டும். எஸ்க்யூலைட்டின் கட்டளை வரியில் மறுக்காமல் நீக்கிவிட்டால் நீங்கள் தவறு செய்யவில்லை. அதில் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு முறை இணையும்போதும் பிராக்மா கட்டளையால் அதை இயக்க வேண்டும். எழுதிவிட்ட நிபந்தனை வேலை செய்கிறது என்று நம்பாமல், அதை மீற முயன்று பார்ப்பது நல்ல பழக்கம்.

கேள்வி கேட்பது

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். தரவு எங்கே, எந்த வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் அறிந்திருக்கத் தேவையில்லை, என்ன வேண்டும் என்று சொன்னால் போதும் என்பது அதன் சாரம். அந்த எண்ணத்துக்கு ஒரு மொழி வடிவம் கொடுத்து, அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்சும் 1974-இல் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். இன்று பலர் எஸ்க்யூஎல்லைச் சீக்வெல் என்று உச்சரிப்பது அந்தப் பழைய பெயரின் தொடர்ச்சி.

முதலில் மூன்று அட்டவணைகளிலும் பதிவுகளை எண்ணும் செலக்ட் கவுண்ட் ஓட்டுங்கள். 34, 2, 36 வர வேண்டும். நிலையங்கள் 33 என்று வந்தால் பார்க்கையும் பார்க் டவுனையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். 35 வந்தால் கடற்கரையோ கோட்டையோ இரண்டு முறை உள்ளது.

அடுத்தது ஜாயின், அதாவது இரு அட்டவணைகளை இணைப்பது. நிலையங்களையும் வழித்தட நிலையங்களையும் நிலைய எண்ணைக் கொண்டு இணைத்தால் 36 பதிவுகள் வரும். ஃப்ரம் என்ற சொல்லுக்குப் பின் இரு அட்டவணைகளையும் காற்புள்ளியிட்டு எழுதி, எவை எவற்றோடு பொருந்த வேண்டும் என்று சொல்லும் வேர் நிபந்தனையை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 34-ஐ 36-ஆல் பெருக்கிய 1,224 பதிவுகள் வந்து குவியும். என் மருத்துவமனையில் அறுபது சந்திப்புகள் வந்த காரணம் இதுவே. இந்த எண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு, பிறகு எந்தத் தரவில் பதிவுகள் அளவுக்கு மீறி வந்தாலும் உடனே சந்தேகம் எழும்.

இரு வழித்தடங்களுக்கும் பொதுவான நிலையங்கள் எவை? வழித்தட நிலையங்கள் அட்டவணையை நிலைய எண்ணின்படி குரூப் பை செய்து, எண்ணிக்கை ஒன்றைவிட அதிகம் என்று ஹேவிங் நிபந்தனை இட்டால் இரண்டே பதிவுகள் வரும். குழுவாக்குவதற்கு முன் பதிவுகளை வடிகட்டுவது வேர். குழுவாக்கிய பின் குழுக்களை வடிகட்டுவது ஹேவிங். வைவாவில் தவறாமல் வரும் இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்வதைவிட, கடற்கரையையும் கோட்டையையும் திரையில் வரவழைத்துப் பார்ப்பது எளிது.

நான் மிகவும் விரும்பும் கேள்வி இனி வருவது. எழும்பூரில் ஏறி மாம்பலத்தில் இறங்க எந்த வழித்தடம், எத்தனை நிலையம் பயணம்? இதற்கு வழித்தட நிலையங்கள் அட்டவணையை அதனோடே இணைக்க வேண்டும். ஒரே அட்டவணைக்கு ஏறும் இடம், இறங்கும் இடம் என்று இரண்டு புனைபெயர்கள் கொடுங்கள். நிலைய எண்களில் எழும்பூருக்கு 4, மாம்பலத்துக்கு 8 கொடுத்திருந்தால் வினவல் இப்படி அமையும்:

செலக்ட் ஏறுமிடம்.வழித்தடஎண், இறங்குமிடம்.வரிசைஎண் - ஏறுமிடம்.வரிசைஎண்
ஃப்ரம் வழித்தடநிலையங்கள் ஏறுமிடம்
ஜாயின் வழித்தடநிலையங்கள் இறங்குமிடம்
ஆன் ஏறுமிடம்.வழித்தடஎண் = இறங்குமிடம்.வழித்தடஎண்
வேர் ஏறுமிடம்.நிலையஎண் = 4 ஆண்ட் இறங்குமிடம்.நிலையஎண் = 8

விடை ஒரே பதிவு: தாம்பரம் வழித்தடம், 4. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இறங்கும் இடத்தை மந்தைவெளி என்று மாற்றினால் ஒரு பதிவும் வராது. அதுவும் சரியான விடைதான், ஏனென்றால் நேரடி ரயில் இல்லை, கோட்டையில் மாற வேண்டும். மாறிச் செல்லும் வழியையும் கண்டுபிடிக்கும் வினவலை எழுத முயலுங்கள். அட்டவணையை நான்கு முறை இணைக்க வேண்டியிருக்கும். விடையில் கடற்கரையில் மாறும் வழியும் சேர்ந்து வரும். அதை எப்படித் தவிர்ப்பது என்று யோசிக்கும்போது ஒரு மாலைப்பொழுது போய்விடும், ஆனால் அந்த மாலையில் கற்பது செமஸ்டர் முழுவதற்கும் உதவும்.

வெற்று மதிப்பு, அதாவது நல், தனிக் கவனம் கேட்கிறது. திறந்த ஆண்டு என்ற புலத்தில் சேப்பாக்கத்துக்கு 1995, வேளச்சேரிக்கு 2007 என்று மட்டும் நிரப்பி, மற்ற 32 நிலையங்களுக்கும் வெற்றாக விடுங்கள். இப்போது ஆண்டு 1995-க்குச் சமம் அல்லாத நிலையங்களைக் கேளுங்கள். 33 வரும் என்று எதிர்பார்ப்போம். வேளச்சேரி மட்டுமே வரும். ஆண்டு தெரியாத நிலையத்தை 1995-க்குச் சமம் என்றும் சொல்ல முடியாது, சமம் அல்ல என்றும் சொல்ல முடியாது. அதனால் அது இரு பக்கமும் சேராமல் வெளியே நிற்கிறது. தெரியாதவற்றைத் தேட சமக்குறி உதவாது; ஈஸ் நல் என்றே எழுத வேண்டும். ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரமும் நல் ஆகவே கொள்ளப்படும் என்பதையும் அங்கு மாறும்போது நினைவில் வையுங்கள்.

தமிழில் சேமிக்கும்போது

இதைப் பாடத்திட்டம் தொடுவதில்லை. தமிழ் மாணவர்களுக்கு இது தேவை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நிலையங்களின் பெயர்களைத் தமிழிலேயே உள்ளிடுங்கள். பழைய மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துத்தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்ற வேண்டும், 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக உள்ளது.

நுங்கம்பாக்கம் என்பதை நாம் எட்டு எழுத்துகளாக எண்ணுகிறோம். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதினான்கு குறியீடுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் ஆவதால் மொத்தம் 42 பைட். மைஎஸ்க்யூஎல்லில் பெயர்ப் புலத்தின் எழுத்து வகையை வார்கேர் 20 என்று அறிவித்தால் அது குறியீடுகளை எண்ணுவதால் இந்தப் பெயர் அடங்கிவிடும். ஆரக்கிளின் வார்கேர்2 இயல்பாகப் பைட்டுகளை எண்ணுவதால் 30 என்று அறிவித்திருந்தாலும் மதிப்பு பெரிதாக உள்ளது என்று மறுத்துவிடும். அங்கே அளவுக்குப் பின் கேர் என்று சேர்த்து அறிவிக்க வேண்டும்.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அகராதிப்படி கோட்டூர்புரம், கோட்டை, கோடம்பாக்கம் என்பதே சரியான வரிசை, ஏனென்றால் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். எஸ்க்யூலைட்டில் ஆர்டர் பை இட்டால் கோடம்பாக்கம் முதலில் வந்து நிற்கும். அது குறியீட்டு எண்களை அப்படியே ஒப்பிடுகிறது. யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்களுக்கும் பிந்தையது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் தமிழுக்கெனத் தனி வரிசைமுறை கிடைக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் இந்த மூன்று பெயர்களையும் இட்டுச் சோதித்துவிட்டே நம்புங்கள். கோ என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க இயலும். இரண்டு வெவ்வேறு விசைப்பலகைகளில் அடித்த கோட்டை, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் அமைப்புக்கு இரண்டாகத் தெரியலாம். மேலே சொன்ன 35 என்ற எண் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் முன்

அப்டேட், டிலீட் ஆகிய இரண்டிலும் வேர் நிபந்தனையை விட்டுவிட்டால் எல்லாப் பதிவுகளும் மாறும் அல்லது போகும். எனவே அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி, எத்தனை பதிவுகள் சிக்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிகின் கொடுத்து (ஆரக்கிளில் இது தேவையில்லை), மாற்றத்தைச் செய்து, எண்ணிக்கை சரியென்றால் அதை உறுதிசெய்யும் கமிட், இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சில் திறவுகோல் இல்லாத அப்டேட்டைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு இயல்பாக இயங்கும். எரிச்சலில் அதை அணைத்துவிடாதீர்கள். டிராப் டேபிளை மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் ரோல்பேக்கால் மீட்க முடியாது.

பைத்தானிலோ பிஎச்பியிலோ முகப்பு எழுதுபவர்கள், பயனர் தட்டச்சு செய்ததை வினவல் சரத்தோடு ஒட்டிவிடாமல் அந்த இடத்தில் கேள்விக்குறி போன்ற இடக்குறி இட்டு, மதிப்பைத் தனியே அளபுருவாக அனுப்புங்கள். பயனர் தட்டச்சு செய்ததே கட்டளையாக ஓடிவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற தாக்குதலுக்கு இடம் கொடுப்பது அந்த ஒட்டுவேலைதான்.

திட்டப்பணியைக் கோப்பாகக் கொடுப்பதோடு, எல்லா கிரியேட் டேபிள் கட்டளைகளையும், எல்லா இன்சர்ட் கட்டளைகளையும், வினவல்களையும் வரிசையாகக் கொண்ட ஒரே எழுத்துக் கோப்பையும் வைத்திருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. அந்தக் கோப்பின் ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். லேப் தேர்வுக்கு முந்தைய நாள் பழைய தரவுத்தளத்தைத் தொடாமல், புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கி அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். நிலையங்களுக்கு முன் வழித்தட நிலையங்களை உள்ளிட்டிருந்தால் ஃபாரின் கீ அந்த இடத்திலேயே நிறுத்தும். வரிசையை மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். ஓடி முடிந்ததும் மூன்று அட்டவணைகளையும் எண்ணிப் பாருங்கள்: 34, 2, 36.